தோலுக்கு அந்தப் பக்கம்

உடலுக்குள் மின்சாரம் – வரலாற்றுத் தொடர் – 17

காலை ஏழு மணி. கன்னிவாடி மாதிரியான ஊரில், காதுக்குள் கருவி பொருத்திய குழந்தை இருக்கும் வீட்டில், பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் அவசரத்தோடு இன்னும் சில வேலைகள் சேர்ந்துகொள்ளும். இரவு சார்ஜில் போட்ட பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் கரண்ட் போயிருந்தால் மாற்று பேட்டரியைப் பையில் வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டப்பாவிலிருந்து கருவியை எடுத்து, ஒயர் நசுங்கவில்லையே என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தலைவாரி முடித்ததும், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்ட வில்லையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனால், காந்தம் இழுத்து அது தானே ஒட்டிக்கொள்ளும். அம்மா முதுகுப் பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது தொடங்கிவிட்டது.

அந்த வில்லைக்கும் மண்டையோட்டின் மேல் பதித்திருக்கும் கருவிக்கும் இடையே ஒயர் கிடையாது. சில மில்லிமீட்டர் தோல்தான் இருக்கிறது. உள்ளே பேட்டரியும் இல்லை. வில்லைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ரேடியோ அலையை அனுப்ப, தோலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு சுருள் அதை வாங்கிக்கொள்கிறது. இயங்குவதற்கான மின்சாரமும், என்ன ஒலி என்ற செய்தியும் ஒரே அலையில் ஏறிப் போகின்றன. அங்கிருந்து உட்காதின் நத்தை எலும்புக்குள் செல்லும் மெல்லிய இழையில் 12 முதல் 22 வரை மின்முனைகள். அவை செவி நரம்பைத் தொட்டு எழுப்புகின்றன. இதுதான் காக்ளியர் கருவி.

நரம்பையும் தசையையும் கம்பியில்லாமல் மின்சாரத்தால் தூண்டும் கருவிகளில், ஏழை வீட்டுக் குழந்தை வரைக்கும் வந்து சேர்ந்தது இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்லலாம். இதன் உறவுக் கருவிகள் பல இதைவிடச் சிறியவை, இதைவிடச் சாமர்த்தியமானவை. ஆனாலும் அவை ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டத் திணறுகின்றன. ஏன் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

கால்வானியின் தவளைக் காலையும் அதை மறுத்துப் பேசிய வோல்டாவையும் முன்பே பார்த்தோம். அந்த வோல்டா, தான் செய்த மின்கல அடுக்கின் இரு முனைகளையும் தன் இரண்டு காதுகளிலும் செருகிப் பார்த்தவர். தலைக்குள் ஓர் உதறல். அதன்பின் கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற சத்தம். 1800-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பதிவு செய்தார். மூளைக்குக் கெடுதல் வரும் என்று அஞ்சி மறுபடி அதைச் செய்யவில்லை.

அடுத்த நூறு ஆண்டுகளில் மருத்துவர்கள் தோலின் மேலும், ஊசி வழியாகவும் மின்சாரத்தைப் பாய்ச்சித் தசைகளைத் துடிக்கவைத்தார்கள். ஒயர் மட்டும் விடவில்லை. தோலைத் துளைத்து ஒயர் நுழைந்தால் அந்தத் துளை வழியே கிருமியும் நுழையும். ஓடியாடும் உயிரைக் கம்பியில் கட்டிவைக்கவும் முடியாது.

விடை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கத்து மணியை அடிக்கவைத்தார். வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். கம்பியில்லா அலைக்குச் சுவர் தடையில்லை என்று பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பின்னாளில் அதே போஸ் செடிகளிலும் தசைகளிலும் மின்தூண்டலை அளக்கப் போய்விட்டார். கம்பியில்லா அலை, உயிருள்ள திசுவின் மின்துடிப்பு ஆகிய இரண்டையும் கையில் எடுத்த முதல் மனிதர்களில் ஒருவர் நம் நாட்டவர். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் காலம் மட்டும் அப்போது வரவில்லை.

1934-இல் அமெரிக்காவில் சாஃபி, லைட் என்ற இருவர் குரங்கின் உடலுக்குள் சிறு கம்பிச்சுருளைப் புதைத்து, கூண்டைச் சுற்றிப் பெரிய சுருள்களை வைத்து, தொலைவிலிருந்தே நரம்பைத் தூண்டினார்கள். உள்ளே இருந்தது சிறியது, வெளியே நின்றது பூதாகரமானது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு ஆண்டுகளாகியும் அது இன்னும் தீரவில்லை.

பாரிஸ், 1957 பிப்ரவரி 25.

ஆந்த்ரே ஜூர்னோ மருத்துவ இயற்பியலில் பேராசிரியர். விலங்குகளின் நரம்பைத் தூண்டத் தோலுக்கடியில் புதைக்கும் சுருள்களைத் தானே சுற்றிச் செய்துவைத்திருந்தார். சார்லஸ் எரியேஸ் காது மருத்துவர். அவரிடம் வந்த நோயாளிக்கு இரண்டு காதும் போயிருந்தன, முக நரம்பும் செயலிழந்திருந்தது. முகத்துக்கு நரம்பு ஒட்டும் அறுவை எப்படியும் நடக்கப்போகிறது, அப்போதே செவி நரம்பின் மிச்சத்தில் ஒரு மின்முனையை வைத்துப் பார்த்தால் என்ன என்று இருவரும் துணிந்தார்கள். சுருளைப் பொட்டுத் தசைக்குள் வைத்துத் தைத்தார்கள்.

அந்த மனிதருக்குச் சத்தம் கேட்டது! சில்வண்டு கத்துவது போல, சூதாட்டச் சக்கரம் சுழல்வது போல என்று அவர் சொன்னார். நாளாகப் பழகியதும் ஒன்றிரண்டு எளிய சொற்களையும் பிரித்தறிந்தார். சில மாதங்களில் உள்ளே இணைப்பு முறிந்தது. மறுபடி திறந்து புதிய கருவி வைத்தார்கள். அதுவும் முறிந்தது. மூன்றாவது முறை கத்தி எடுக்க எரியேஸ் மறுத்துவிட்டார். நண்பர்கள் பிரிந்தார்கள். ஜூர்னோ தன் கண்டுபிடிப்பை எந்த நிறுவனத்துக்கும் விற்கச் சம்மதிக்கவில்லை. அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பிடிவாதம் உயர்ந்ததுதான். ஆனால் கருவியைத் தயாரிக்கவும் பழுது பார்க்கவும் ஆளில்லாமல் அந்த முயற்சி அங்கேயே நின்றுபோனது.

அந்தச் செய்தித் துணுக்கு ஒரு நோயாளியின் கையில் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த வில்லியம் ஹவுஸ் 1961-இல் தன் முதல் அறுவைகளைச் செய்தார். வியன்னாவில் இங்கபோர்க் ஹோக்மையரும் எர்வின் ஹோக்மையரும் 1977-இல் பல முனைக் கருவியைப் பொருத்த வைத்தார்கள். மெல்போர்னில் கிரேம் கிளார்க்கை வாட்டிய சிக்கல் வேறு. இரண்டரைச் சுற்றுச் சுழலும் நத்தைக்குள் மின்முனை இழை முட்டாமல் மடங்காமல் எப்படிப் போகும்? காது கேளாத தந்தையின் மகன் அவர். 1977-இல் கடற்கரையில் உட்கார்ந்து, கிடந்த ஒரு சங்கின் சுழலுக்குள் புல்லை நுழைத்துக்கொண்டிருந்தார். நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்த புல் வளைவுகளைச் சுற்றிச் சிரமமில்லாமல் உள்ளே போனது. இழையையும் அப்படியே செய்தார். 1978 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அவருடைய பல முனைக் கருவி ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. 1990-இல் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கும் அதை அனுமதித்தது. 1991-இல் பிளேக் வில்சன் ஒலியைத் துடிப்புகளாகப் பிரித்தனுப்பும் புதுமுறையைத் தந்தபிறகுதான் பலருக்கும் உதட்டைப் பார்க்காமல் பேச்சு புரியத் தொடங்கியது.

காதின் கதை இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, கையும் காலும் என்னவாயின?

1961-இல் லிபர்சன் என்ற மருத்துவர், பக்கவாதத்தால் பாதம் தொங்கிப்போனவர்களின் செருப்புக் குதிகாலில் ஒரு சுவிட்சை வைத்தார். குதிகால் தரையை விட்டு எழும்போது முழங்காலுக்குக் கீழுள்ள நரம்புக்கு மின்துடிப்பு போகும், பாதம் தூக்கிக்கொள்ளும். யேல் பல்கலைக்கழகத்து வில்லியம் கிளென், ரேடியோ அலையில் இயங்கும் கருவியால் உதரவிதான நரம்பைத் தூண்டி, மூச்சு நின்றவர்களை மூச்சுவிட வைத்தார். கிளீவ்லாந்தில் ஹண்டர் பெக்கம் குழுவினர், கழுத்து முறிந்து விரல் அசையாதவர்களின் முன்கைத் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். 1986-இல் முதல் நோயாளி. மார்பின்மேல் ஒட்டிய சுருள் உள்ளிருக்கும் கருவிக்கு மின்சாரம் தரும். நோயாளி தோளை அசைத்தால் விரல்கள் மூடித் திறக்கும். கரண்டி பிடித்துத் தானே சாப்பிட்டார்கள். ‘ஃப்ரீஹேண்ட்’ என்ற பெயரில் 1997-இல் விற்பனைக்கு அனுமதியும் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 2001-இல், தயாரித்த நிறுவனம் வணிகத்திலிருந்து விலகிக்கொண்டது. கருவி உடலுக்குள் இருக்கிறது, உதிரி பாகம் தர ஆளில்லை. திரும்பக் கிடைத்த கை மறுபடி பறிபோகிற துயரம் எப்படிப்பட்டது என்பதைத் திருத்தமாகச் சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை இருக்காது.

இதற்கிடையே ஜெரால்டு லோப் வேறு பாதையில் யோசித்தார். ஏன் பெரிய அறுவை? ஏன் ஒயர்? எந்தத் தசைக்கு வேண்டுமோ அந்தத் தசைக்குள் ஊசியால் செலுத்திவிட்டால் போதாதா?

அப்படிப் பிறந்ததுதான் ‘பயான்’. கண்ணாடிக் குப்பி. விட்டம் 2 மி.மீ., நீளம் 16 மி.மீ. இரண்டு நெல்மணிகளை நீளவாக்கில் வைத்த அளவு. ஒரு முனையில் டாண்டலம், மறுமுனையில் இரிடியம், நடுவில் சுருளும் சில்லும். கொஞ்சம் தடித்த ஊசி வழியாக உள்ளே போகும். வெளியே இருக்கும் ஒரே சுருளால் 2 மெகாஹெர்ட்ஸ் அலையில் 256 குப்பிகள் வரை தனித்தனி எண் சொல்லி அழைக்கலாம். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல, எந்த எண்ணைக் கூப்பிடுகிறதோ அது மட்டும் பதில் சொல்லும்.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பக்கவாத நோயாளிகளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தார்கள். பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டால், தோள் தசை தளர்ந்து, கையின் கனமே மூட்டை இறக்கிவிடும். வலி உயிரை எடுக்கும். நம் ஊர்களில் துண்டால் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வீட்டிலிருந்தபடியே தோளில் சுருளை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் குப்பிகள் தசையைச் சுருக்கி விரிக்கும். தசை தடித்தது, மூட்டு இறங்குவதும் குறைந்தது. இத்தாலியின் மிலான் நகரில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களின் தொடைத் தசையிலும் சோதித்தார்கள். பலன் நல்லதாகவே இருந்தது. ஆனாலும் பயான் கடைத்தெருவுக்கு வரவில்லை.

காரணங்களில் ஒன்று இயற்பியல். சுருளின் விட்டத்தைப் பாதியாக்கினால் அது அலையை வாங்கும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். உள்ளிருப்பது சிறுக்கச் சிறுக்க, வெளியிலிருப்பது அதன் வயிற்றை நிரப்ப அதிகம் பாடுபட வேண்டும். நெல்மணி அளவுக் குப்பிக்காகத் தோளைச் சுற்றிச் சுருளும் இடுப்பில் பெட்டியும் சுமக்க வேண்டியிருந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆய்வாளர்கள் ரேடியோவை விட்டு ஒலிக்குத் தாவினார்கள். 2 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையின் நீளம் காற்றில் 150 மீட்டர். அதே அதிர்வெண்ணில் ஒலி அலையின் நீளம் உடல் திசுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடுகளவுக் கருவிக்குக் கடுகளவு அலைதான் பொருந்தும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே வகை ஒலி அலை. 2016-இல் பெர்க்லியில் ‘நரம்புத் தூசி’ என்று பெயரிட்டு ஒரு துகளை அறிமுகப்படுத்தினார்கள். ஒலி பட்டால் மின்சாரம் தரும் படிகம் அதற்குள் இருந்தது. அதற்கு நரம்பின் சமிக்ஞையைக் கேட்க மட்டுமே தெரிந்தது. பிறகு நரம்பைத் தூண்டவும் கற்றது. 2020-இல் வெளியான வடிவம் 1.7 கன மில்லிமீட்டர், ஒரு சிறு கடுகு. அதை எலியின் தொடை நரம்பில் பொருத்தினார்கள். ஒலிக்குத் தாவாமலே, 2014-இல் ஸ்டான்ஃபோர்டின் ஏடா பூன், முயலின் இதயத்தைத் தூண்டும் அரிசிக் குருணை அளவுக் கருவியைக் காட்டியிருந்தார். 2025 ஏப்ரலில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 1.8 மி.மீ. அகலமும் 3.5 மி.மீ. நீளமும் உள்ள பேஸ்மேக்கர் ஒன்றை அறிவித்தார்கள். உடல் திரவத்திலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு, மார்பின்மேல் ஒட்டிய பட்டை அனுப்பும் ஒளியைப் பார்த்து வேலை செய்து, பணி முடிந்ததும் தானே கரைந்துவிடும்.

அதற்கும் மார்பின்மேல் ஒரு பட்டை வேண்டியிருக்கிறது. கவனித்தீர்களா?

இனி கன்னிவாடிக்குத் திரும்புவோம். திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்துப் பேரூராட்சி. ஒரு காலத்தில் மதுரை நாயக்கர்களின் பாளையங்களில் ஒன்று. தென்னையும் பருத்தியும் ஆடும் மாடுமாகப் பிழைக்கும் சீமை. இங்கே பிறவியிலேயே காது கேளாத பிள்ளை பிறந்தால் என்ன நடக்கும்?

முதலில், யாரும் கவனிக்க மாட்டார்கள். கொலுசுச் சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று தாய் சந்தேகப்பட்டாலும், “அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான், விடு தாயி” என்று பாட்டி சொல்லிவிடுவாள். ஆயிரம் பிறப்புக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுக்கும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுகிறது. மறைந்திருக்கும் ஒரே பழுதுள்ள மரபணு தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து சேர்ந்துவிடுவதே காரணம். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலியே கேட்காத மூளையில், ஒலிக்கென ஒதுங்கிய இடத்தைப் பார்வை போன்ற மற்றப் புலன்கள் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுக்குள் கருவி வைத்த குழந்தை பேச்சைப் பிடித்துக்கொள்கிற வேகம் எட்டு வயதில் வைத்தால் வராது. அதனால்தான் தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவையை இலவசமாக்கியபோது வயது வரம்பையும் வைத்தது. கருவி மட்டுமே பல லட்சம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் கனவிலும் தொட முடியாத தொகை. சென்னையில் மோகன் காமேஸ்வரனின் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் வளர்ந்த திறமை, அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. இன்று திண்டுக்கல் பக்கத்துக் குழந்தைக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே இந்த அறுவை நடக்கிறது. ஏழைக் குழந்தையின் தலைக்குள் பல லட்ச ரூபாய் கருவியை அரசு செலவில் வைத்த மாநிலம் என்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய விஷயம்.

அறுவை முடிந்து மூன்று நான்கு வாரங்களில் ‘ஸ்விட்ச் ஆன்’. முதல் சத்தத்தில் பல குழந்தைகள் அழுதுவிடும். அதன்பிறகுதான் உண்மையான உழைப்பு. எந்த மின்முனைக்கு எவ்வளவு மின்சாரம் என்று கணினியில் திருத்தும் ‘மேப்பிங்’குக்கு அடிக்கடி போக வேண்டும். ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சுப் பயிற்சி. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு 60 கிலோமீட்டர் சொச்சம், கன்னிவாடியிலிருந்து இன்னும் கூடுதல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறும் தாய்க்கு ஒவ்வொரு பயிற்சி நாளும் ஒரு நாள் கூலி போகும் நாள். வெளிக்கருவியின் கேபிள் அறுந்தாலே ஆயிரக்கணக்கில் செலவு. கேரளத்தில் ‘சுருதிதரங்கம்’ திட்டத்தில் கருவி பெற்ற பிள்ளைகளின் பழைய வெளிக்கருவிகளுக்குப் பாகங்கள் கிடைக்காமல் போய், புதுப்பித்துத் தரச் சொல்லிப் பெற்றோர் அரசின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கிளீவ்லாந்தின் ஃப்ரீஹேண்ட் நோயாளிகளுக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நேரலாம். விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடம், அப்துல் கலாமின் தூண்டுதலில் உள்நாட்டுக் காக்ளியர் கருவி ஒன்றை வடிவமைத்ததன் அருமை இங்கேதான் விளங்கும். கருவியும் உதிரி பாகமும் இங்கேயே செய்யப்படும் நாள் வரை இந்த அச்சம் நீங்காது.

ஆக, தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதியை விஞ்ஞானிகள் கடுகளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தோலுக்கு வெளியே பேட்டரி, கேபிள், மேப்பிங், பயிற்றுநர், பஸ் கட்டணம், தாயின் கூலி என்று நீளும் பகுதியை யாரும் சிறிதாக்கவில்லை. ஜூர்னோவின் முயற்சி நின்றுபோனதும், ஃப்ரீஹேண்ட் கைவிடப்பட்டதும், பயான் வாசலிலேயே நின்றதும் பெரும்பாலும் இந்த வெளிப்பக்கத்தால்தான். காக்ளியர் பிழைத்ததற்கும் காரணம் இதுவே. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு பங்கை அரசும் மீதியைத் தாய்மார்களும் சுமக்கிறார்கள்.

இந்தச் சீமைக்குச் செய்ய முடியாத காரியம் இல்லை. 1947-இல் டாக்டர் சௌந்தரம் சின்னாளபட்டியில் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கியதுதான் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை. எத்தனையோ தாய்மார்களின் பிரசவம் பார்த்த இடம். 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் செயற்கைக்கோள் வழியே இணைத்த முதல் கிராம வள மையங்களில் ஒன்று, கன்னிவாடிக்குப் பக்கத்திலிருக்கும் செம்பட்டியில்தான் அமைந்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை, மாவட்டத்துக்குள்ளேயே மேப்பிங், கன்னிவாடிப் பக்கத்து ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துக்கு வாரம் இரு நாள் பேச்சுப் பயிற்றுநர், உதிரி பாகங்களுக்குக் காப்பீடு: இந்த நான்கையும் அரசு கொடுத்தே ஆக வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கைதட்டினாலும் திரும்பாத, ஒரு வயதாகியும் ‘அம்மா’ சொல்லாத குழந்தை இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ‘பெரா’ சோதனையைக் கேட்டு எடுங்கள். அது வலியில்லாத சோதனை, குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள்.

அடுத்த இதழில்: கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி மூட்டுவாதத்தைத் தணிக்கும் சிறு கருவியும், அதற்கு 2025 ஜூலையில் அமெரிக்கா தந்த அனுமதியும்.